சோதனை லிஸ்ட்

கார்டைக் காட்டினாள். கதவு சிவப்பு விளக்கைக் காட்டியது. மறுபடி காட்டினாள். மறுபடி சிவப்பு.

சர்வர் அறைக்குள் அவள். கண்ணாடிக்கு வெளியே, மேசைமேல் அவளுடைய லேப்டாப். சனிக்கிழமை அரைநாள் என்பதால் அலுவலகமே காலி. மகளின் பள்ளி விடும் நேரம். "ஒரு தடவை லேட்டாப் போ, அதுக்கப்புறம் பொண்ணு என்கூடத்தான்" என்று சொல்லிவிட்டுத் தனியே போனவர், மகளின் அப்பா. சொன்னதோடு நில்லாமல் வாராவாரம் பள்ளி வாசலில் பைக்கோடு காத்துக்கொண்டும் இருப்பார். பள்ளியில் போனை யாரும் எடுக்கவில்லை.

"நாற்காலி வழியில கிடந்துச்சும்மா. நான்தான் எடுத்து ஓரமா வெச்சேன்" என்றார் காவலாளி, கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு. கதவு மூடாமலிருக்க அவள் வைத்த நாற்காலி அது. "என் கார்டுக்கும் தொறக்கலியே?"

யாருக்கும் திறக்காது. யார் யாரை விடலாம் என்ற லிஸ்ட்டை 'சோதனை' என்ற பெயரில் நகலெடுத்து, நகலைத்தான் காலி செய்ததாக நினைத்தாள். நகலே எடுக்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. நிரலில் வெறும் சமன் குறி போட்டால் லிஸ்ட் இரண்டாகாது. அதே லிஸ்ட்டுக்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். மகளை இவள் குட்டி என்பாள், மகளின் அப்பா ராணி என்பார். அதற்காகப் பெண் இரண்டா? ஒருமுறை எழுதினால் மாற்ற முடியாத டியூப்பிளில் வைத்திருந்தால் கைவைக்கவே விட்டிருக்காது. இன்டர்வியூவில் இதே கேள்விக்குச் சரியான பதில் சொல்லித்தான் வேலைக்கு வந்தாள்.

"அண்ணே, லேப்டாப்ல நான் காட்டுறதை அப்படியே அடிங்க."

"நானா? எனக்கு ரிமோட்டே தகராறு."

தன் கார்டு எண்ணைச் சேர்க்கும் ஒற்றை வரியைப் போனில் பெரிதாக எழுதிக் கண்ணாடியில் வைத்தாள். அவர் ஒரே விரலால் எழுத்தெழுத்தாகத் தேடினார்.

"சோதனைன்னு போட்டிருக்கே. நெசக் கதவு தொறக்குமா?"

"தொறக்கும்ணே. ரெண்டும் ஒண்ணுதான்."

போன் அதிர்ந்தது. வரி இருந்த இடத்தில் மகளின் அப்பா பெயர்.

"எழுத்து மறைஞ்சிடுச்சும்மா."

எடுத்தால் என்ன சொல்வது? துண்டித்தாள். வரி திரும்ப வந்தது. காவலாளி கடைசி அடைப்புக்குறியைத் தேடி அமுக்கினார்.

"இனி எண்டர்."

கார்டைக் காட்டினாள். பச்சை. கதவைத் தள்ளும்போதே போன் மறுபடி அதிர்ந்தது, எடுத்தாள். மறுமுனை அவளிடம் பேசவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பைக்கின் சத்தம். "ராணி, கெட்டியாப் புடிச்சுக்கோ." "புடிச்சுட்டேன்ப்பா" என்றது மகளின் குரல்.

காவலாளி நாற்காலியைத் தூக்கிவந்து, திறந்த கதவுக்கு நடுவில், இனி மூடிக்கொள்ளாதபடி பார்த்துப் பார்த்து வைத்தார்.