சாமான் இல்லை

ஒரு சுற்றுப்பயணத்துக்கு அலுவலகம் தருவது முப்பது லிட்டர் பெட்ரோல். அதற்கு மேல் ஒரு சொட்டுக்கும் மேலதிகாரி கையெழுத்துப் போட மாட்டார். இதைச் சொல்லிவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பேச்சு முடிந்தது என்பதற்கு அது அடையாளம்.

எதிரே நின்ற எடையளவு ஆய்வாளர் நகரவில்லை. கடைத் தராசுகளும் பெட்ரோல் பங்குகளும் சந்தைகளும் ஒழுங்காக அளக்கின்றனவா என்று பார்ப்பது அவள் வேலை. வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த இரண்டு வருடமும் அவள் கேட்டுக்கொண்டிருப்பது ஒரே ஒரு சந்தைக்குப் போக அனுமதி. அது முன்னூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பழைய ஜீப் முப்பது லிட்டரில் அங்கே போய்ச் சேர்வதற்கு எழுபது கிலோமீட்டர் முன்னாலேயே படுத்துவிடும். அதனால் ஆறு வருடமாக எந்த ஆய்வாளரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அந்தச் சந்தையில்தான் அவளுடைய அக்கா உருளைக்கிழங்கு விற்றாள்.

“இருபது மூட்டை கொண்டுபோனா ஒரு மூட்டை காத்துல போயிடுதுடி,” என்று அக்கா போனில் சொல்லியிருந்தாள். “உன் சட்டத்துக்குக் கால் வலிக்குமா? முன்னூறு கிலோமீட்டர்கூட நடக்காதா?”

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. எழுதி எழுதி, பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஒரு ஹைப்ரிட் காரை மூன்று மாதச் சோதனைக்கு வாங்கிவிட்டாள். ஆனால் போன மாதச் சுற்றில் அது அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு முப்பத்திரண்டு லிட்டரைக் குடித்துவிட்டது; மேலே போன இரண்டு லிட்டருக்கு அவளே காசு கொடுத்தாள். லிட்டருக்குப் பத்தொன்பது. சந்தைக்குப் போய்வர இருபத்திரண்டே முக்கால் வேண்டும்.

“இது டவுனுக்குள்ள ஓட்டுற வண்டிம்மா,” என்றார் மேலதிகாரி. “ஹைவேல இதோட பாச்சா பலிக்காது.”

“ஒரு தடவை சார். முப்பதைத் தாண்டினா நானே வண்டியைத் திருப்பி அனுப்பிடறேன்.”

சொல்லிவிட்டு வெளியே வந்து டிரைவரைத் தேடினாள்.

வண்டியை ஓட்டுபவரை அலுவலகத்தில் எல்லாரும் ஏரோப்ளேன் என்பார்கள். இருபத்தெட்டு வருட அனுபவம். போன மாதம் அவர் நூற்றுப் பத்துக்குக் கீழே இறங்கவேயில்லை. இந்தத் தடவை தொண்ணூறு என்று அவள் சொன்னபோது, ஏதோ காதில் விழக்கூடாதது விழுந்ததைப்போல் பார்த்தார்.

“தொண்ணூறா? மாட்டு வண்டிக்காரன் ஹாரன் அடிப்பான் மேடம்.”

“அடிக்கட்டும்ணே. வழி விடுங்க.”

விடியற்காலையில் டயர்கள் சூடாவதற்கு முன்பே அவள் காற்றைச் சரிபார்த்தாள். நான்கில் இரண்டு குறைவாக இருந்தன; அடித்துச் சரிசெய்தாள். பங்கில், தானே போன வாரம் ஐந்து லிட்டர் குவளை வைத்துச் சோதித்த பம்ப்பில், டேங்கை நிரப்பச் சொன்னாள். முதல் தடவை தானாக நின்றதும் கையை எடுக்கச் சொன்னாள். திரும்பி வந்து இதே அளவுக்கு நிரப்ப எவ்வளவு பிடிக்கிறதோ, அதுதான் செலவு. பிறகு குறிப்பேட்டைத் திறந்து எழுதினாள்: காற்று சரி. ஆட்கள் இரண்டு. சாமான் இல்லை.

ஊர் தாண்டியதும் ஏரோப்ளேன் கண்ணாடியை இறக்கினார். அவள் ஏற்றச் சொன்னாள்.

“ஏசி போட்டா பெட்ரோல் தின்னும் மேடம்.”

“இந்த வேகத்துல ஜன்னல் திறந்தா அதைவிட அதிகமா தின்னும். இருபத்தஞ்சுல வைங்க, போதும்.”

சற்று நேரம் கழித்து ஒரு பெரிய லாரியின் முதுகில் போய் ஒட்டிக்கொண்டார்.

“இப்படிப் போனா நமக்குக் காத்தடிக்காது. வண்டி வழுக்கிட்டுப் போகும்.”

“லாரிக்காரர் பிரேக் போட்டா நமக்கு மூச்சும் இருக்காது. தள்ளி வாங்க.”

முதல் மலைச் சரிவில்தான் அவளுக்கு அது கண்ணில் பட்டது. இறக்கம் தொடங்கியதும் அவருடைய இடது கை தன்பாட்டுக்கு நியூட்ரலுக்குத் தள்ளியது. வண்டி சத்தமில்லாமல் உருண்டது. அவர் முகத்தில் பெருமை வழிந்தது.

“இது என்னண்ணே?”

“சும்மா உருட்டுறது. இருபத்தெட்டு வருஷமா இப்படித்தான். ஒரு சொட்டு செலவில்லை.”

அவளுக்குச் சொல்வதா வேண்டாமா என்று இருந்தது. இந்த மனிதர் ஓட்டிய தூரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட அவள் ஓட்டியதில்லை. ஆனால் திரையில் சக்கரத்திலிருந்து பேட்டரிக்குப் போகவேண்டிய பச்சை அம்பு இல்லை. அதை அவள் பார்த்துவிட்டாள்.

“அடுத்த இறக்கத்துல கியரைத் தொடாம, காலை மட்டும் எடுத்துப் பாருங்க. அந்த அம்பு வருதான்னு பாப்போம்.”

அடுத்த இறக்கத்தில் காலை மட்டும் எடுத்தார். அம்பு வந்தது. பேட்டரியில் ஒரு கட்டம் ஏறியது. சரிவு முடிந்து சமதளம் வந்தபின்னும் இஞ்சின் எழுந்திருக்கவில்லை. அந்தச் சேமிப்பிலேயே வண்டி ஒரு கிலோமீட்டருக்கு மேல் போனது. மூன்றாவது இறக்கம் வந்தபோது ஏரோப்ளேனின் கை பழக்கத்தில் கியர்ப் பக்கம் போனது. அவரே அதைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

அதற்குப்பின் அவருக்கே ருசி பிடித்துவிட்டது. ஏற்றத்தில் வேகம் ஐந்து குறைந்தால் குறையட்டும் என்று விட்டார். தூரத்தில் சுங்கச்சாவடி தெரிந்ததும் காலை எடுத்து, பிரேக்கே தொடாமல் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தினார். “எப்படி?” என்று ஒரு பார்வை பார்த்தார்.

ஆனாலும் சந்தை வாசலில் திரை காட்டியது இருபத்திரண்டு புள்ளி ஒன்று. அவள் கணக்குப் போட்டாள். கிட்டத்தட்ட பதினைந்தரை லிட்டர் போயிருந்தது. திரும்புவதற்கு மிச்சம் பதினான்கரை. வேகம், காற்று, ஏசி, இறக்கம் எல்லாம் செய்தாயிற்று. இனிக் குறைக்க என்ன இருக்கிறது?

“முதல்ல வந்த வேலையைப் பாருங்க மேடம்,” என்றார் ஏரோப்ளேன்.

சந்தையின் பெரிய தராசு ஒரு தகரக் கொட்டகையில் இருந்தது. அக்கா முன்வரிசையில், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். தங்கையைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. கண் மட்டும் சிரித்தது. ஏரோப்ளேன் டிக்கியைத் திறந்து, சோதனை எடைக்கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து தராசில் வைத்தார். ஒரு கல் இருபது கிலோ. பத்துக் கற்கள். தராசு நூற்றுத் தொண்ணூறு என்றது.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. “நான் சொல்லலை?” என்றாள் அக்கா, யாரிடம் என்றில்லாமல். ஆய்வாளர் தராசுக்குச் சீல் வைத்து, பதினைந்து நாளில் சரிசெய்யவேண்டும், அடுத்த மாதம் மறுசோதனை என்று எழுதிக் கொடுத்தாள்.

“அடுத்த மாசம் வருவீங்களா?” என்று ஒரு கிழங்கு வியாபாரி கேட்டார். “போன ஆய்வாளரும் இதைத்தான் சொன்னார். ஆறு வருஷம் ஆச்சு.”

பின்னால் ஏரோப்ளேன் முதுகைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

“அப்பாடி. இந்த இருநூறு கிலோவையும் சுமந்துக்கிட்டா இவ்வளவு தூரம் வந்தோம்?”

அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு குறிப்பேட்டைத் திறந்தாள். சாமான் இல்லை. போன மாதப் பக்கத்தைப் புரட்டினாள். அங்கேயும் அதே வரி. ஊரார் எடையையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள், மூன்று ஆள் கனத்தை டிக்கியில் வைத்துக்கொண்டு, சாமான் இல்லை என்று தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். அவளைப் பொறுத்தவரை அவை சாமானே இல்லை, அளவு. அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“அண்ணே, இதைத் திரும்பத் தூக்காதீங்க.”

“தூக்காம? இங்கேயே விட்டுட்டா போறது? அரசாங்கச் சொத்து மேடம்.”

“போலீஸ் ஸ்டேஷன்ல சீல் வெச்சு ஒப்படைக்கலாம். விதி இருக்கு. ஆபீஸ்ல இன்னொரு செட் இருக்கு.”

“அது சரி. முப்பதைத் தாண்டிட்டா வண்டி போயிடும். அப்புறம் இதை எடுக்க யார் வருவா?”

அதே கேள்விதான் அவளுக்குள்ளும் இருந்தது. தோற்றால் இருநூறு கிலோ அரசாங்க இரும்பு முன்னூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும், அவள் கையெழுத்தின்மேல். அவள் கிழங்கு வியாபாரியைப் பார்த்தாள்.

“நாங்கதான் வருவோம். அடுத்த மாசம்.”

காவல் நிலையத்தில் ஏட்டு பத்துக் கற்களையும் எண்ணி, ரசீதில் கையெழுத்துப் போட்டார். “என் சர்வீஸ்ல எடைக்கல்லை உள்ளே தள்ளுறது இதான் முதல் தடவை,” என்றார். “ஜாமீன் கேட்டு யாராவது வருவாங்களா?”

வாசலில் அக்கா ஒரு மூட்டைக் கிழங்கோடு நின்றாள். “டிக்கி காலியாத்தானே இருக்கு?”

“காலியாவே இருக்கட்டும்க்கா.”

அக்காவுக்கு முகம் சுருங்கியது. விஷயத்தைச் சொன்னதும் மூட்டையை அவளே தூக்கிக்கொண்டாள். “போடி, பட்டினியா போ. ஆனா வா.”

திரும்பும்போது ஏற்றங்களில் வண்டி முன்னைப்போல் உறுமவில்லை. அது நிஜமா தன் ஆசையா என்று அவளுக்கு நிச்சயமில்லை. திரையைப் பார்க்கவேண்டாம் என்று தாளால் மறைத்து வைத்தாள். ஏரோப்ளேனை ஒரு பேருந்து, இரண்டு லாரி, முட்டைக் கூடை ஏற்றிய ஒரு வேன் என எல்லாம் முந்திப் போயின. வேன் போனபோது மட்டும் அவர் பல்லைக் கடித்தார்.

பொழுது சாய்வதற்குள் பங்குக்கு வந்துவிட்டார்கள். அதே பம்ப். எண்கள் ஓடின. இருபத்தேழு. இருபத்தெட்டு. அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள். இருபத்தொன்பது தாண்டியது. டக்கென்று நின்றது.

இருபத்தொன்பது புள்ளி ஏழு நான்கு.

“இன்னும் கொஞ்சம் பிடிக்கும், ரவுண்டா போட்டுடவா?” என்றான் பங்க்காரன்.

“கையை எடுய்யா,” என்றார் ஏரோப்ளேன், அவளுக்கு முந்திக்கொண்டு.

அவள் எழுதினாள். கீழே, பின்காற்றும் உதவியிருக்கலாம், அடுத்த முறை பார்க்கவேண்டும் என்று சேர்த்தாள்.

மறுநாள் மேலதிகாரி தாளை இரண்டு தடவை படித்தார். “மயிரிழையில தப்பிச்சிருக்கீங்க. சரி, எடைக்கல் செட் எங்கே? ஸ்டோருக்கு வரலையாமே.”

“அங்கேதான் இருக்கு சார். அடுத்த மாசம் மறுசோதனைக்கு வேணும்.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றாமலே, அடுத்த மாதப் பயணப் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் நின்றபடியே நிரப்பினாள். தூரம் அறுநூற்று எண்பது. ஆட்கள் இரண்டு. அடுத்த கட்டத்தில் பேனாவை ஒரு நொடி நிறுத்தி, டிக்கியை மனதுக்குள் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு எழுதினாள்: சாமான் இல்லை.