முதல் குண்டு யாருடையது

அக்கா வீட்டுக்குப் போனால் அவள் மகள் என்னைச் சும்மா உட்கார விடமாட்டாள். சரியான வாயாடி. அன்றைக்கும் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் வரலாற்றுப் புத்தகத்தைக் கையில் திணித்தாள்.

"மாமா, நாளைக்குப் பரீட்சை. நான் ஒப்பிக்கிறேன், நீங்க பாருங்க. ஒரு வார்த்தை தப்பினாலும் தலையில குட்டுங்க."

"குட்டுறது இருக்கட்டும். கேள்வி என்ன?"

"போர் எவ்வாறு தொடங்கியது? அஞ்சு மார்க்."

கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். "அதிகாலை ஐந்தரை மணிக்கு, உறங்கிக்கொண்டிருந்த நம் பாலத்துக் காவல் சாவடி மீது, எந்தக் காரணமும் இன்றி எதிரிகள் குண்டு வீசினர்."

ஒரு வார்த்தை பிசகவில்லை. அது பத்திரிகையில் நான் எழுதிய வாக்கியம்; அப்படியே பாடப்புத்தகத்துக்குப் போயிருந்தது. 'உறங்கிக்கொண்டிருந்த' என்று சேர்த்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து என்னையே மெச்சிக்கொண்டதுகூட நினைவிருக்கிறது.

மூன்று வருடங்களுக்கு முன் அது நடந்தது. எங்களுடையது மாலைப் பத்திரிகை; அன்று காலைச் செய்திகளுக்கு நான் பொறுப்பு. ஏழு மணிக்கு எல்லையிலிருந்து நிருபர் போன் செய்தார். "சார், முதல்ல சுட்டது நம்ம ஆளுங்கதான். நாலே முக்காலுக்கு. அவங்க முக்கால் மணி நேரம் கழிச்சுத்தான் திருப்பி அடிச்சாங்க. என் கண்ணால பார்த்தேன்." ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை. மேலிடத்திலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. வந்திருந்தால் பழியைத் தூக்கிப் போட ஓர் இடமாவது இருந்திருக்கும். ஆளும் கட்சி என் கட்சி, அவ்வளவுதான். வேகாத வெயிலில் போஸ்டர் ஒட்டிய காலத்திலிருந்தே என் கட்சி. நம் ஆட்சியே வம்பை இழுத்தது என்று என் கையாலேயே எழுதுவதா? எதிர்க்கட்சிக்காரன் அதைப் பிடித்துக்கொண்டு ஆட மாட்டானா? நாலே முக்காலை விட்டேன், ஐந்தரையை வைத்தேன். துண்டுத்தாளைக் கசக்கிக் கூடையில் போட்டேன்.

"என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி உட்காந்திருக்கீங்க? சரியா, இல்லையா?"

சரி என்று சொல்லியிருக்கலாம். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். மூன்று வருடமாக அந்த வீட்டில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஆனால் அவள் தலைக்கு மேலே சுவரில் பெரியவன் படம் இருந்தது. அவளுடைய அண்ணன். இருபது வயது, சீருடை, அடக்க முடியாத சிரிப்பு. போர் தொடங்கிய ஐந்தாவது மாதம் அதே பாலத்தில் உயிரை விட்டான்.

"தப்பு," என்றேன்.

"ஐயோ, எந்த வார்த்தை?"

"எல்லாமே. முதல்ல சுட்டது நாமதான். எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுதான் மாத்தி எழுதினேன்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அக்கா ஈரக்கையோடு கதவருகே வந்து நின்றாள்.

"என்னடா சொன்ன?"

திரும்பச் சொன்னேன். முதல் தடவையைவிடக் குரல் இறங்கிவிட்டது.

அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "உன் பேப்பரைக் கையில வச்சுக்கிட்டுத்தான்டா அவன் பட்டாளத்துக்குப் பேர் கொடுக்கப் போனான்," என்றாள் மெதுவாக. "தூங்குறவங்களைப் போய்க் கொன்னுருக்காங்கம்மா, மாமா எழுதியிருக்காரு பாருன்னு காட்டினான். போகாதடான்னு அழுதேன். அப்புறம் நானும் படிச்சேன். என் தம்பி எழுதினா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

 

வாயாடி என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி மூடினாள். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்ப அண்ணன் எதுக்கு மாமா செத்தான்?"

நாடு, எல்லை, மானம் என்று மேடையில் ஒரு மணி நேரம் பேசுவதற்கான பதில்கள் எல்லாம் வாய்வரை வந்தன. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து ஒன்றையும் சொல்ல முடியவில்லை.

"என்னாலதான்மா."

'அப்படியெல்லாம் சொல்லாதடா' என்று அக்கா சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சின்ன வயதிலிருந்து நான் என்ன தப்புச் செய்தாலும் அவள் அப்படித்தான் சொல்வாள். வெட்கமே இல்லாமல் கொஞ்ச நேரம் அதற்காகக் காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை.