பைய வா

லீவு பாரத்தில் ‘சொந்த ஊர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. செகண்ட் லெப்டினன்ட் கஸ்பார் அதை வழக்கம்போல் காலியாக விட்டார். பட்டாளத்துக் குமாஸ்தா விடுவாரா? “ஊர் இல்லாத மனுஷன் உண்டா சார், எதையாவது போடுங்க” என்று பேனாவை மறுபடி கையில் திணித்தார்.

கஸ்பாருக்கு ஊர் இல்லாமல் இல்லை. அது பர்மாவில் இருந்தது. மோல்மேனில் பிறந்து வளர்ந்து, அறுபத்து நான்கில், பதினெட்டு வயதில், ஒரு டிரங்குப் பெட்டியும் அம்மாவுமாகக் கப்பலேறி மதராஸில் வந்து இறங்கியவர் அவர். அங்கே இந்தியாக்காரன் என்று துரத்தினார்கள். இங்கே பர்மாக்காரன் என்று பெயர் வைத்தார்கள். அம்மா அகதி முகாமிலேயே காய்ச்சலில் கண்ணை மூடினாள். அப்புறம் மாதா கோயில் சாமியார் ஒருவர் தயவில் காலேஜ், அதற்கப்புறம் பட்டாளம், தோளில் ஒற்றை நட்சத்திரம். ஒற்றை நட்சத்திரக்காரரைப் பெரிய அதிகாரிகள் பச்சைப்பிள்ளை என்பார்கள், ஜவான்கள் சார் என்பார்கள். நடுவில் முப்பது பேருடைய உயிர் அந்தப் பச்சைப்பிள்ளையின் கையில்.

சற்று யோசித்து, ‘பென்னாகரம், தர்மபுரி ஜில்லா’ என்று எழுதினார். அந்த ஊரை அவர் கண்ணால் கண்டதில்லை. அங்கே ஒருவனிடம் நேரில் சொல்லியாக வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது.

அந்த ஒருவன் முனிராஜ், அவருடைய பிளாட்டூன் ஜவான். போன டிசம்பரில், கிழக்கு வங்காளத்துச் சண்டையில், அறுப்பு முடிந்த ஒரு நெல்வயலின் நடுவே கஸ்பார் தொடை கிழிந்து விழுந்து கிடந்தார். வயல் முழுக்கக் கண்ணிவெடி. துப்பாக்கிமுனைக் கத்தியால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்துத்தான் அடி எடுத்து வைக்கவேண்டும் என்று உத்தரவு போட்டவரும் அவர்தான், அப்படியே முதலில் போய்க் காட்டியவரும் அவர்தான். அதற்குள் எங்கிருந்தோ ஒரு குண்டு வந்து விழுந்துவிட்டது. பின்னால் வரப்புக்கு மேலே முனிராஜின் தலை எழும்புவது தெரிந்தது. பயிற்சியில் படித்த இந்தியும் இங்கிலீஷும் அந்த வலியில் போன இடம் தெரியவில்லை. நாக்கில் வந்தது அம்மா பேசிய ராமநாதபுரத்துத் தமிழ்.

“பைய வா. முனிராஜ், பைய வா.”

தெற்கே ‘பைய’ என்றால் மெதுவாக. முனிராஜோ மண்ணைக் குத்தவும் இல்லை, பார்க்கவும் இல்லை. ஒரே ஓட்டமாக ஓடிவந்து, இடுப்புப் பெல்ட்டைக் கழற்றி அவர் தொடையை இறுக்கிக் கட்டினான். ரத்தம் நின்றது. ஸ்ட்ரெச்சர் கொண்டுவரச் சொல்லிக் கையாட்ட எழுந்தவன், நாலடி தள்ளிப் போனான். ஐந்தாவது அடியில் வெடித்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

மூன்று மாதம் கழித்துப் புனா ஆஸ்பத்திரியிலிருந்து அவனுடைய கடிதம் வந்தது. ‘அன்னிக்கி நீங்க என்னை பையா வான்னு கூப்பிட்டீங்க சார். எங்கப்பா செத்ததுக்கு அப்புறம் யாரும் என்னை அப்பிடிக் கூப்பிடல. அதான் ஓடியாந்துட்டேன். கால் போனதுக்கு நீங்க வருத்தப்படக் கூடாது.’

வருத்தப்படாமல் என்ன செய்வது? தான் சொன்னது பைய, அவன் காதில் விழுந்தது அவன் ஊரில் மகனைக் கூப்பிடுகிற பையா. நாலு பேர் பேசுகிற தமிழில் ‘மெதுவா’ என்று சொல்லியிருந்தால் அவனுக்கு இரண்டு காலும் இருந்திருக்கும். எழுத்தில் ஒரு துணைக்கால் கூடிப்போனதற்கு மனிதனின் நிஜக்கால் போயிற்று. அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கஸ்பார் ஆறு மாதம் சரியாகத் தூங்கவில்லை.

பொம்மிடியில் ரயிலைவிட்டு இறங்கி, தர்மபுரிக்கு ஒரு பஸ், பென்னாகரத்துக்கு ஒரு பஸ், அதற்கப்புறம் இரண்டு மைல் நடை. கஸ்பாருக்கும் நடை கொஞ்சம் இழுத்தது. வீட்டுக்கு முன்னால் களத்தில் நிலக்கடலை காய்ந்துகொண்டிருந்தது. காலால் அதைத் துழாவிக்கொண்டிருந்த முனிராஜின் அம்மா தீர்த்தம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“யாருங்க, யாரு வூட்டுக்கு வந்தீங்க?”

“முனிராஜைப் பார்க்கணும்மா. நான் பட்டாளத்துல இருந்து...”

அவள் முகம் மாறியது. “பையான்னு கூப்பிட்டவரா?”

கஸ்பார் பதில் சொல்வதற்குள் அவள் கயிற்றுக்கட்டிலை இழுத்துப் போட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்து, பக்கத்துக் கொல்லைக்காரி குள்ளம்மாளையும் கூவி அழைத்துவிட்டாள். “அவுங்கப்பன் போனதுல இருந்து அவன் யாரு பேச்சும் கேட்டதில்லைங்க தம்பி. முனிராசு, முனிராசுன்னு நான் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டான். நீங்க பையான்னதும் ஓடிட்டான் பாருங்க. பெத்த அப்பன் கூப்பிட்டாப்பல இருந்திருக்கும். போன காலு போவட்டும், கூப்பிட்ட கொரலுக்குத்தானே போச்சின்னு நான் மனசத் தேத்திக்கிட்டேன்.”

இவளிடம் எப்படிச் சொல்வது, அவனிடமே சொல்லிக்கொள்ளலாம் என்று கஸ்பார் சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

முனிராஜ் வந்தான். மரக்காலோடு விறைத்து நின்று சல்யூட் அடித்தான். இருவரும் பேசிக்கொண்டே கிணற்றடிப் பக்கம் போனார்கள். சின்ன வயதில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது செய்வதுபோல், சொல்லவேண்டியதைக் கஸ்பார் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். கிணற்றுமேட்டில் உட்கார்ந்ததும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். நான் பையா என்று கூப்பிடவில்லை, பைய என்றுதான் சொன்னேன், அது எங்கள் வீட்டுத் தமிழ், உன் காலை எடுத்தது என் நாக்கு, என்னை மன்னித்துக்கொள் என்றார்.

முனிராஜ் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தான். “எனக்குத் தெரியுங்க சார்.”

“என்ன தெரியும்?”

“பைய வான்னா மெதுவா வான்னு. நம்ம சமையல் கொட்டாயில மாயவண்ணன் இல்லீங்களா, பரமக்குடிக்காரரு? பைய தின்னுடா, பைய ஊத்துடான்னு ஒரு நாளைக்கி நூறு வாட்டி சொல்லுவாரு. ரெண்டு வருசம் அவரு கையில சோறு தின்னவனுக்கு அது தெரியாதுங்களா?”

கஸ்பாருக்குக் கோபம்தான் வந்தது. “அப்புறம் ஏண்டா ஓடி வந்த?”

“உங்களுக்கு ரத்தம் போன வேகத்த நாந்தானே பாத்தேன். அடிக்கு ஒரு குத்துன்னு பைய வந்திருந்தா, நான் யாருகிட்டங்க வந்து சேர்றது?”

கஸ்பார் முகத்தைக் கிணற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதிகாரி அழக்கூடாது என்று பட்டாளத்துச் சட்டப் புத்தகத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை, அதனால் அழுதார். முனிராஜ் கடலைக்கொடியில் ஒன்றைப் பிடுங்கி மண்ணைத் தட்டிக்கொண்டு காத்திருந்தான்.

“அந்தக் கடிதம்?” என்று பிறகு கேட்டார்.

“அம்மாவுக்கு என்னன்னு எழுதறது சார்? ஆபீசரு மெதுவா வாடான்னாரு, நான்தான் கேக்கலன்னா? சொல்பேச்சு கேக்காத நாயி, காலத் தொலைச்சிட்டு வந்து நிக்குதேன்னு சாவற மட்டும் அழுவும். கூப்பிட்டாரு, போனேன்னா அதுக்கு ஆறுதலா இருக்கும். அதுக்கு ஒரு மாதிரி உங்களுக்கு ஒரு மாதிரி எழுதி, நாளைக்கி ரெண்டு பேரும் பாத்துக்கிட்டா நான் மாட்டிக்குவேனே. அதான் ஒரே மாதிரி எழுதிட்டேன்.” கொஞ்சம் தயங்கினான். “அதுகிட்ட சொல்லிடாதீங்க சார்.”

மத்தியானம் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். கஸ்பாருக்குக் களி தின்னத் தெரியவில்லை, மென்று பார்த்தார். “மெல்லாதீங்க தம்பி, உருட்டி முழுங்குங்க” என்று தீர்த்தம்மாள் சிரித்தாள். “உங்களுக்கு எந்த ஊருங்க?”

“லீவு பாரத்துல இந்த ஊரைத்தாம்மா எழுதியிருக்கேன்.”

“எழுதினது எழுதினாப்பலயே இருக்கட்டும்” என்று இன்னோர் உருண்டையைத் தட்டில் வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். “ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்காதீங்க. அன்னிக்கி எப்பிடிக் கூப்பிட்டீங்க? அதே மாதிரி ஒருக்கா கூப்பிடுங்க தம்பி. என் காதால கேக்கணும்.”

களத்தின் மறுகோடியில் தண்ணீர்த்தொட்டியில் முனிராஜ் கை கழுவிக்கொண்டிருந்தான். அவள் கேட்டது அவன் காதிலும் விழுந்திருக்கவேண்டும். கழுவிய கையை உதறாமல் அப்படியே நின்று கஸ்பாரைப் பார்த்தான்.

பத்துக் கட்டளைகளில் பொய்ச்சாட்சி சொல்லாதே என்று ஒன்று உண்டு. பிள்ளைப்பிராயத்தில் முழங்காலில் நின்று மனப்பாடம் செய்தது. அந்தப் பாவத்தை ஏதாவது ஒரு சாமியாரிடம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று கஸ்பார் எழுந்து நின்றார்.

“பையா” என்றார். துணைக்கால் நன்றாகக் கேட்கும்படி நீட்டிச் சொன்னார். “பையா, வா.”

தீர்த்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முனிராஜ் தொட்டியைவிட்டு நகர்ந்தான். மரக்காலை ஊன்றி, நல்ல காலை எடுத்து வைத்து, காய்கிற கடலையை மிதிக்காமல், பைய வந்தான்.