வெளியேற்றுவதற்காக உள்ளே அழைத்துவரப்பட்டவர்

படிவத்தில் 'தொழில்' என்ற கட்டத்தைப் படித்ததும் நார்வே எல்லைக் காவலன் ஹல்வோர் அதை இன்னொரு தடவை படித்தான். 'இயேசு சபைத் துறவி' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே, கொஞ்சம் சின்னதாக, 'வானியல் ஆசிரியர்'.

1954, ஜூன் முப்பது. ஸ்வீடனிலிருந்து வந்த காலை ரயில் ஒரே ஒரு பயணியையும் ஒரு நீள மரப்பெட்டியையும் இறக்கிவிட்டு ஓஸ்லோ பக்கம் போய்விட்டது. பயணிக்கு அறுபது வயதிருக்கும். கறுப்பு அங்கி, தூசி படிந்த செருப்பு, முகம் முழுக்கச் சிரிப்பு.

"சார், இந்தக் கட்டத்துல வெறும் 'ஆசிரியர்'னு மாத்தி எழுதிடுங்களேன்" என்றான் ஹல்வோர். 'பாதர்' என்று கூப்பிட அவனுடைய லூத்தரன், புராட்டஸ்டன்ட் நாக்கு வளையவில்லை.

"ஏன்?"

"இயேசு சபைக்காரங்க நார்வேக்குள்ள காலெடுத்து வைக்கக் கூடாது. அரசியல் சட்டத்துலயே இருக்கு. 1814ல எழுதினது."

"தெரியும். ஆனா நான் அதுதானே? எப்படி மாத்தி எழுதறது?"

டிக்கெட் கவுன்டருக்குப் பக்கத்தில் வாஃபிள் அப்பம் சுட்டுக்கொண்டிருந்த போர்ஹில் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். "இவரா போப்பாண்டவரோட ரகசியப் படை? நீங்க எல்லாம் பெரிய தந்திரக்காரங்கன்னு எங்க பள்ளிக்கூடத்துல பயமுறுத்துனாங்களே. ஒரு சின்னப் பொய் சொல்லத் தெரியலையே உங்களுக்கு!"

"என் வகுப்புப் பசங்களும் இதையேதான் சொல்றாங்க" என்றார் பாதர் லம்பெர்ட். அவர் பிறந்தது ஹாலந்தில். டென்மார்க்கில் இருபது வருஷம் பாடம் நடத்தியதால் டேனிஷ் பேசினார்.

"வாயில இருக்கிற உருளைக்கிழங்கை முழுங்கிட்டுப் பேசுங்க சார், பாதிதான் புரியுது" என்றாள் போர்ஹில். டேனிஷ்காரர்களிடம் எல்லா நார்வேக்காரர்களும் சொல்வதுதான். அவர் அதற்கும் சிரித்தார்.

பகல் ஒன்று முப்பத்தைந்துக்கு முழுச் சூரிய கிரகணம். அதற்காகத்தான் வந்திருந்தார். வாழ்நாளில் மூன்று முறை கிரகணம் தேடிப் போயிருக்கிறாராம். முதல் முறை மேகம். இரண்டாவது முறை போர். மூன்றாவது முறை சரியாக அந்த நேரத்தில் மடத்துத் தலைவர் காலமானார். "அவரைக் குறை சொல்லக் கூடாது" என்றார் பாதர், அரை மனதாக.

ஹல்வோர் தொலைபேசியைச் சுழற்றினான். மாவட்ட அலுவலகத்தில் யாரும் எடுக்கவில்லை. நீதித்துறையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் இணைப்பகத்துப் பெண்ணே லைனில் வந்தாள். "எல்லாரும் கிரகணம் பாக்கப் போயிட்டாங்க. நானும் கூரை மேல ஏறப்போறேன். வைக்கட்டுமா?" வைத்துவிட்டாள்.

இதற்குள் கடற்கரைக்குப் போகும் பஸ் கிளம்பிப்போயிருந்தது. அங்கேதான் இருட்டு இரண்டரை நிமிஷம் நிற்குமாம். பாதர் ஒரு வரைபடத்தை விரித்தார். நிழலின் வட ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். கோடு நிலையத்துக்குக் கொஞ்சம் தெற்கே ஓடியது.

"இங்கேயே பெஞ்சுல உக்காந்து பாருங்களேன். எவ்வளவு மறையும்?" என்றான் ஹல்வோர்.

"நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது."

"அப்புறம் என்ன சார்?"

"கல்யாணத்துக்கு மாப்பிள்ளை தவிர எல்லாரும் வந்த மாதிரிப்பா அது."

சொல்லிவிட்டு அவர் வரைபடத்தை மடித்த விதம் ஹல்வோருக்குப் பிடிக்கவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. மனிதர் ஈரத் துணியை மடிப்பதுபோல மெதுவாக, நாலு மூலையும் சேர்த்து மடித்தார். இன்னொரு கிரகணத்துக்கு அவருக்கு வயது இருக்குமா என்று யோசிக்காமல் இருக்க, ஹல்வோர் விதிப்புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தான்.

படிக்கப் படிக்க அவன் முகம் மாறியது.

"அக்கா, இதைக் கேளுங்க. வெளியேத்தற உத்தரவுல வட்டார அதிகாரிதான் கையெழுத்துப் போடணும். ஆளை நேர்ல பாத்துட்டுத்தான் போடணும். அதுவரைக்கும் ஆளைக் காவலர் கண்ணை விட்டு அகலவிடக் கூடாது."

"அதிகாரி குன்னெருட் எங்கே?"

"சர்ச் மேட்டுல. கிரகணம் பாக்க."

பாதர் மடித்த வரைபடத்தை மறுபடி விரித்தார். சர்ச் மேடு தெற்கே மூன்று கிலோமீட்டர். பென்சில் கோட்டுக்கு உள்ளே. "நாற்பத்து மூணு விநாடி கிடைக்கும்" என்றார். "தயவுசெஞ்சு என்னைச் சீக்கிரம் வெளியேத்துங்கப்பா!"

சாமான் வண்டியில் மரப்பெட்டியை ஏற்றினார்கள். "காவல்ல இருக்கிறவரைப் பட்டினி போடக் கூடாது, அதுவும் சட்டம்தான்" என்று பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்து மடித்த வாஃபிள் நாலை போர்ஹில் திணித்தாள். கைதி முன்னால் இழுத்தார், காவலன் பின்னால் தள்ளினான். வழியில் வெயில் மெலிந்துகொண்டே வந்தது. வெளிச்சம் இருந்தது, சூடு இல்லை. பிர்ச் மரத்தடியில் இலைகளுக்கிடையே விழுந்த ஒளிப்பொட்டுகள் எல்லாம் பிறை பிறையாகக் கிடந்தன. பாதர் அவற்றை மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடந்தார்.

மேட்டில் ஊரே இருந்தது. புகை படிய வைத்த கண்ணாடித் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்திருந்தார்கள். லூத்தரன் போதகருக்கு மூக்கு முழுக்கக் கரி. குன்னெருட் மடக்கு நாற்காலியில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். மணி ஒன்று பதினாறு.

விஷயத்தைக் கேட்டதும் அவர் எழுந்து நின்றார். "இயேசு சபையா? என் வட்டாரத்துலயா? ரோம்லேருந்து உத்தரவோட வந்திருக்காரா?"

"ரோம்லேருந்து லென்ஸ் துடைக்கிற துணிகூட வரலைங்க" என்றார் பாதர்.

"கொண்டாடா அந்தப் படிவத்தை." குன்னெருட் பேனாவைத் திறந்துவிட்டார்.

இதை ஹல்வோர் எதிர்பார்க்கவில்லை. குன்னெருட் எதற்கும் மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறவர். வேலிச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்வதற்குள் வேலியே மட்கிப்போயிருக்கும். கையெழுத்தான நொடியே ஆளை எல்லைக்குத் திருப்பி நடத்த வேண்டும் என்பதும் விதி. அப்படி நடத்தினால் ஒன்று முப்பத்தைந்துக்குப் பாதர் கோட்டுக்கு அந்தப் பக்கம், காட்டுக்குள் இருப்பார்.

"ஐயா, ரெண்டாவது பிரதி எழுதலை" என்றான்.

"எழுதேன்."

ஹல்வோர் மரப்பெட்டியை மேசையாக்கிக்கொள்ளப் போனான். உடனே ஒரு யோசனை தோன்றி, பெட்டிக்குள் இருப்பதை முதலில் வெளியே எடுத்து வைத்தால்தான் சமமாக எழுத வரும் என்றான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடிவந்து முக்காலியை விரித்தார்கள், தொலைநோக்கிக் குழாயைத் தூக்கி மாட்டினார்கள். ஹல்வோர் காலி பெட்டியின் முன்னால் மண்டியிட்டுத் தன் வாழ்நாளிலேயே அழகான கையெழுத்தில் தொடங்கினான்.

"முழுப் பெயர்?"

பாதர் தொலைநோக்கியைத் திருகியபடியே உண்மையைச் சொன்னார். "லம்பெர்டுஸ் யொஹானெஸ் இக்னாட்சியுஸ் மரியா கோர்னேலிஸ்..."

"மரியாவா? ஆம்பளைக்கா?" என்றார் குன்னெருட்.

"எங்க அம்மா நேர்ந்துகிட்டாங்க. இன்னும் மூணு பெயர் பாக்கி. சொல்லவா?"

"சொல்லுங்க, சொல்லுங்க. ஒண்ணும் விட்டுப்போகக் கூடாது" என்றான் ஹல்வோர். "இதுவரைக்கும் குடியிருந்த ஊர்கள்?"

பதினேழு ஊர். பாதர் ஒவ்வொன்றுக்கும் தெருப் பெயரும் சொன்னார். குன்னெருட் கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பேனாவை உதறினார். "டேய், நீ எழுதறியா, கோலம் போடறியா? குடு இப்படி!"

படிவத்தைப் பிடுங்கி, கையெழுத்துப் போடும் இடத்தை நோக்கிக் குனிந்தார். அப்போது மேற்கே மலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இருட்டு ஓடிவந்தது. காகிதம் சாம்பல் நிறமாகி, பிறகு இல்லாமலே போயிற்று.

"கோடு எங்கேடா?" என்றார் குன்னெருட்.

மாடுகள்கூட வாயை மூடிக்கொண்டன. மேலே, சூரியன் இருந்த இடத்தில் ஒரு கறுப்புத் துளை. அதைச் சுற்றி வெள்ளை மயிர் பறந்தது. பாதர் தொலைநோக்கியில் கண்ணை வைத்திருந்தார். முதல் பத்து விநாடி பார்த்தார். பிறகு விலகிக்கொண்டு வெறும் கண்ணால் அண்ணாந்தார். வாய் திறந்திருந்தது. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. தொலைநோக்கி சும்மா நிற்பதைக் கண்ட குன்னெருட் தொப்பியைக் கழற்றிவிட்டு அதில் கண்ணை வைத்தார். அவர் தோளைப் போதகர் தட்டத் தொடங்கினார். "எனக்கும், எனக்கும்."

ஒரு வைரப்பொட்டு வெடித்தது. சேவல் கூவியது. ஊர் மூச்சு விட்டது.

குன்னெருட் வெகுநேரம் இருமிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு, இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போட்டார். "சட்டம் சட்டம்தான். இதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட நீங்க இந்த நாட்டுல நிக்கக் கூடாது" என்றார். ஆனால் உடனே, "அந்த ஓரத்துல செவப்பா ஒரு தீ நாக்கு தெரிஞ்சுதே, அது என்னது?" என்றும் கேட்டார்.

"அதை நடந்துகிட்டே சொல்றேன்" என்றார் பாதர்.

பெட்டியின் ஒரு முனையைப் போதகர் பிடித்தார். பிள்ளைகள் வண்டியைத் தள்ளினார்கள். எல்லாருக்கும் அவரிடம் கேட்க ஏதோ ஒன்று இருந்ததால் மேட்டில் யாருமே தங்கவில்லை. ஒற்றை மனிதரை வெளியேற்ற நூற்றுப் பத்துப் பேர் சாலையை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். நான்கு மணி ரயில் வருவதற்குள் பாதருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஹல்வோர் விதிப்படி அவரைக் கண்ணை விட்டு அகலவிடாமல், ரயில் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றான்.