கேமரா ஓடும்போது பேசக்கூடாது

இறந்துபோன மனைவியை வைத்து நான் செய்த வீடியோவுக்கு ஊரெல்லாம் நல்ல பெயர். கலைக்கூடத்தின் இருட்டறையில், மூன்று சுவர்களிலும் அவள் துணி மடிக்கிறாள், வெங்காயம் உரிக்கிறாள், பால் பொங்குமுன் ஓடிவந்து அடுப்பை அணைக்கிறாள். பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்கோ எல்லாம் மரத்துப்போயிருந்தது. ப்ரொஜக்டர் சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்தபடி நின்றேன்.

மூன்றாவது படிக்கும் மகள் அன்று வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"அப்பா, அம்மா பேசுறதைப் போடுங்க. எப்படிப் பேசுவாங்கன்னு எனக்கு மறந்துட்டே வருது."

"அதுக்கென்ன, எக்கச்சக்கமா இருக்கு" என்று ஹார்ட் டிஸ்கை மாட்டினேன்.

எக்கச்சக்கமாக இருந்தது உண்மைதான். பேச்சுதான் இல்லை. எங்கள் வீட்டுச் சட்டம் அப்படி. சட்டம் போட்ட புண்ணியவான் நான். கேமரா ஓடும்போது யாரும் வாயைத் திறக்கக்கூடாது. குழாய்ச் சத்தமும் பாத்திரச் சத்தமும் எனக்குத் துல்லியமாகக் கிடைக்க வேண்டும். அதனால் அம்மாவும் மகளும் கையாலேயே பேசப் பழகிவிட்டார்கள். தட்டைக் காட்டினால் சாப்பிட வா. காதைத் தொட்டால் போன் அடிக்கிறது. கேமராவை அணைத்ததும் மனைவி, "இப்ப மூச்சு விடலாமா, டைரக்டர் சார்?" என்பாள். அதை எடுத்து வைக்க எனக்குத் தோன்றியதே இல்லை. போனிலும் அவள் குரல் கிடையாது. எடிட்டிங்கில் இருந்தால் நான் போனை எடுக்கமாட்டேன் என்று எல்லாவற்றையும் டைப் அடித்தே அனுப்புவாள்.

ஒவ்வொன்றாகத் திறந்தோம். கடைசியில் பாத்திரம் தேய்க்கும் காட்சி. மனைவி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கேமராவை நேராகப் பார்த்து, இரண்டு விரலைக் கத்தரிபோல ஆட்டுகிறாள். பிறகு உதட்டைத் தொட்டுக் காட்டுகிறாள். மறுபடியும் விரலை ஆட்டுகிறாள். கலைக்கூடத்தில் நடுச்சுவரில் ஓடுவது இதுதான். 'மௌனத்தின் நடனம்' என்று அறிமுகத் தாளில் யாரோ எழுதியிருந்தார்கள்.

"நிறுத்துங்க, ஒண்ணு சொல்லணும்ங்கிறாங்க" என்றாள் மகள்.

"ஆமா."

"நிறுத்தினதும் என்ன சொன்னாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். அதற்குக்கூட எனக்கு எதுவும் வரவில்லை.

"நான் நிறுத்தலைம்மா. வெளிச்சம் நல்லா இருந்துச்சு."

திரையில் மனைவி கையை இறக்கிவிட்டு, பாத்திரம் தேய்க்கத் திரும்பினாள்.