திருப்பி அடித்த ஹேண்டில்

பூவராகனின் லாரி சண்டைக்காலத்தது. யுத்தம் முடிந்ததும் பட்டாளத்து வண்டிகளை ஏலம் போட்டார்கள். அப்படிப் போன செவர்லே ஒன்று பல கை மாறி, அறுபதாம் வருஷத்தில் கடலூர் முதுநகருக்கு வந்து சேர்ந்தது. மேலே எத்தனை பெயிண்ட் அடித்தும் கதவில் பழைய பட்டாள நம்பர் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும். முன் பம்பரில் கம்பிவடம் சுற்றிய விஞ்சு இருந்தது. சேற்றில் மாட்டிய பீரங்கியை இழுப்பதற்காக வைத்தது. கல்வராயன் மலையில் மரம் வெட்டக் குத்தகைக்கு விடுகிற கூப்புகளில், வெட்டிப்போட்ட மரங்களை அது பள்ளத்திலிருந்து இழுத்து, சாய்த்து வைத்த சட்டங்களின் மேல் உருட்டி, லாரியில் ஏற்றியது. ஒரு காலைப்பொழுது முழுக்க மாடுகளைச் சங்கிலியில் கட்டிச் செய்த வேலையை அது பீடி குடித்து முடிக்கிற நேரத்தில் செய்துவிடும்.

பூவராகன் செம்படவர் வீட்டுப் பிள்ளை. கடலுக்குப் போனால் வாந்தி எடுப்பான் என்று சின்ன வயதில் ஊரே கேலி செய்திருக்கிறது. அதனால்தான் ஓட்டுநர் வேலைக்குப் போனான், கடைசியில் சொந்த லாரிக்காரன் ஆனான். கட்டுமரத்துக்கான லேசான மலைமரங்களை ஏற்றிக்கொண்டு மாமியார் ஊர்க் குப்பத்துக்குள் அவன் நுழையும்போது, படகு கட்டுகிறவர்கள் வேலையை விட்டு எழுந்து வருவார்கள். அந்த நிமிஷத்துக்காகவே அவன் மலைக்குப் போனான் என்றுகூடச் சொல்லலாம்.

வண்டிக்கு இரண்டு கோளாறு. பொத்தானை அழுத்தினால் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் செத்துப்போயிருந்தது. அந்தக் காலத்து உதிரி பாகம் எங்கும் கிடைக்கவில்லை. ஆகையால் முன்னால் ஹேண்டிலைச் சொருகிச் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். இன்னொன்று, பாரத்தோடு மலையேறும்போது இழுவை குறைந்துபோயிருந்தது. இதற்குப் பூவராகன் தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தான். எஞ்சினுக்குள் நெருப்புப் பொறியை நேரம் பார்த்து அனுப்புகிற பாகத்துக்கு மெக்கானிக்குகள் டெல்கோ என்று பேர் சொல்வார்கள். அதைச் சற்றுத் திருப்பி, பொறி முந்தி விழும்படி வைத்தான். வண்டி புதுசுபோல இழுத்தது.

சிதம்பரம் வண்டிகேட்டில் பட்டறை வைத்திருந்த சிங்காரம் அதைப் பார்த்ததும் முகம் சுளித்தார். இப்படி வைத்துக்கொண்டு ஹேண்டில் போட்டால் எஞ்சின் அதை எதிர்ப்பக்கமாகத் திருப்பி அடிக்கும், கை போய்விடும் என்றார். இறக்கத்தில் விட்டோ ஆளை வைத்துத் தள்ளியோ கிளப்பிக்கொள்ளச் சொன்னார். பூவராகன் அப்படியே செய்துவந்தான். ஹேண்டிலைச் சீட்டுக்கடியில் போட்டுவிட்டான்.

அறுபத்துமூன்றாம் வருஷம் தை மாதம், குப்பத்துக்கு ஒரு பெரிய லோடு வந்தது. ஊர்த்தலைவரான நாட்டார் சடையப்பனிலிருந்து குழந்தைகள் வரை எல்லோரும் கரைக்கு வந்துவிட்டார்கள். பூவராகன் தன் வண்டி மலையேறின கதையைச் சொன்னான். கூப்பில் இருக்கிற புது லாரிகளெல்லாம் திணறின இடத்தில் இது ஒரு மூச்சில் ஏறிற்று என்றான். மரங்களை இறக்கி முடித்தபின் பார்த்தால், சக்கரம் மணலில் புதைந்திருந்தது. எஞ்சின் அணைந்துபோயிருந்தது. தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை.

அப்போது காசிநாதன் சீட்டுக்கடியிலிருந்து ஹேண்டிலை எடுத்துக்கொண்டு முன்னால் போனான். அவன் பூவராகனின் மனைவி குணசுந்தரிக்குத் தம்பி. நல்ல தேக்குக்கட்டை போன்ற உடம்பு. குப்பத்திலேயே வலைக்கயிறு இழுப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

"நான் போடறேன் மாமா, நீ உள்ள குந்து" என்றான்.

வேண்டாம் என்று சொல்லப் பூவராகன் வாயைத் திறந்தான். ஏன் என்று கேட்பார்கள். வண்டியில் கோளாறு, அதுவும் தானே செய்த கோளாறு என்று இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும். இப்போதுதான் இவ்வளவு பேசி முடித்திருந்தான். ஒரு தடவைதானே, ஒன்றும் ஆகாது என்று ஏறி உட்கார்ந்தான்.

முதல் சுற்றிலேயே ஹேண்டில் திருப்பி அடித்தது. காசிநாதன் மணலில் உட்கார்ந்துவிட்டான். வலது முன்கை மணிக்கட்டுக்கு மேலே வேறு பக்கமாக வளைந்திருந்தது. அவன் கத்தவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா அஞ்சம்மாள்தான் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

கீழே குதித்த பூவராகன் சொன்ன முதல் வார்த்தை இது: "கட்டைவெரல சுத்திப் புடிச்சிட்டான். அப்படிப் புடிக்கவே கூடாது."

யோசித்துச் சொன்னதல்ல. வாயில் தானாக வந்தது. ஆனால் சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். வண்டிக்காரன் சொல்லிவிட்டான், அப்படித்தான் இருக்கும்.

பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். பூவராகன் கூடவே இருந்து காபி வாங்கிக் கொடுத்தான், டாக்டரிடம் பேசினான். அன்று சாயங்காலம் கரையில் கிடந்த வண்டிக்குத் தனியாகப் போய், டெல்கோவைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்தான். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தான். கெட்டது எதையோ புதைக்கிறவன் மாதிரி இருக்கிறோம் என்று அவனுக்கே தோன்றியது.

காசிநாதனின் மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது. விரல்கள் மடங்கின, ஆனால் பிடியில் வலு இல்லை. கயிறு இழுக்க முடியவில்லை, துடுப்புப் போட முடியவில்லை. கடலுக்குப் போகிறவர்கள் அவனுக்கு ஹேண்டில் என்றே பேர் வைத்துவிட்டார்கள். பேசி வைத்திருந்த பெண்வீட்டுக்காரர்களும் பின்வாங்கினார்கள்.

ஒருநாள் காசிநாதன் பூவராகனைத் தேடி வந்தான். தன்னால் அன்றைக்கு வண்டி கரையிலேயே கிடந்துவிட்டது, அடுத்த லோடு கெட்டுப்போயிருக்கும், தெரியாமல் பிடித்துவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே என்றான். பூவராகனால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. பூவராகனோ, அதெல்லாம் ஒண்ணுமில்லை மச்சான் என்று பெருந்தன்மையாகச் சொன்னான். சொன்னபின் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

அதற்குப் பிறகுதான் காசிநாதனை லாரியில் வேலைக்கு வைத்துக்கொண்டான். லோடு கட்டுவதைக் கவனிக்கவும், மரத்துக்குக் குறி போடவும் இடது கை போதும். குப்பம் பூவராகனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. இந்தக் காலத்தில் யார் இப்படி மச்சானைத் தாங்குகிறார்கள் என்று சடையப்பன் பஞ்சாயத்திலேயே சொன்னார். குணசுந்தரி புருஷனுக்கு மீனின் நடுத்துண்டாகப் பார்த்து வைத்தாள். அவனுக்கு அது இறங்கவில்லை. வண்டியில் போகும்போது காசிநாதன் கோணக் கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். பூவராகன் ரோட்டைத் தவிர வேறு எதையும் பார்க்க மாட்டான்.

ஆனி மாதம் அண்ணாமலை நகரில் புது விடுதி ஒன்றுக்குச் சாரம் கட்டச் சவுக்குக் கழிகளை இறக்கிவிட்டு, பிரேக் பார்க்க வண்டிகேட்டுக்குப் போனார்கள். சிங்காரம் பானெட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"பரவாயில்லையே, டைமிங்க சரிபண்ணிட்ட. முன்ன வச்சிருந்தியே, அப்படியே வுட்டிருந்தா ஹேண்டில் போடறவன் கை போயிருக்கும். நான் தலையால அடிச்சிக்கிட்டேன், நீ கேக்கல."

காசிநாதன் வண்டி நிழலில் உட்கார்ந்து வெல்லம் கடித்துக்கொண்டிருந்தான். வாயிலிருந்த வெல்லத்தை மெல்லாமல் நிறுத்தினான். சிங்காரத்துக்கு ஒன்றும் தெரியாது. அவர் பாட்டுக்குப் பிரேக் பக்கம் போய்விட்டார்.

பிரேக் வேலை முடிந்து முதுநகருக்குக் கிளம்பினார்கள். வெள்ளாற்றுப் பாலம் தாண்டியது, புதுச்சத்திரம் தாண்டியது. ஆலப்பாக்கம் ரயில்கேட் மூடியிருந்தது. பூவராகன் எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் யாராவது ஹேண்டில் போட வேண்டும்.

"அன்னிக்கே தெரியுமா ஒனக்கு?" என்று கேட்டான் காசிநாதன்.

"தெரியும்."

"நான் ஹேண்டில எடுத்துக்கினு போனப்ப?"

"தெரியும்."

காசிநாதன் கோணக் கையை மடியிலிருந்து தூக்கிப் பார்த்தான். "வெரல எப்படிப் புடிச்சேன்னு எனக்கே ஞாபகம் இல்ல மாமா. நீ சொன்ன, நான் நம்பிட்டேன். படுத்துக்கினு கையில வச்சி வச்சிப் பாப்பேன், எங்க தப்பு பண்ணோம்னு."

பூவராகன் குப்பத்தில் எல்லோரிடமும் சொல்லிவிடுவதாகச் சொன்னான். காசிநாதன் வேண்டாம் என்றான். அக்காவை வைத்து இரண்டு பிள்ளைகளோடு குடும்பம் நடத்துகிறாய், அம்மா உன்னைச் சாமி மாதிரி நினைக்கிறாள், சொல்லி யாருக்கு என்ன வரப்போகிறது என்றான். வண்டி முதுநகர் வந்ததும் இறங்கி நடந்தே போனான். மறுநாள் வேலைக்கு வரவில்லை.

அடுத்த லோடைப் பூவராகன் தனியாகத்தான் குப்பத்துக்குக் கொண்டுபோனான். மரம் இறக்க வந்தவர்களில் சுப்புராயன் என்று ஒருத்தன். ஹேண்டில் எங்கே, அதையும் மலையிலேயே இறக்கிவிட்டாயா என்று கேட்டுச் சிரித்தான். நாலைந்து பேர் கூடச் சிரித்தார்கள். காசிநாதன் சற்றுத் தள்ளி வலை உலர்த்துகிற இடத்தில் நின்றிருந்தான். குணசுந்தரியும் அன்று அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள்.

பூவராகன் சொல்லிவிட்டான். தைரியமாக ஒன்றும் சொல்லவில்லை. முன்னும் பின்னுமாக, டெல்கோ, டைமிங் என்று யாருக்கும் புரியாத வார்த்தைகளில் ஆரம்பித்தான். சடையப்பன் நடுவில் நிறுத்தி, நேராகச் சொல் என்றார்.

"அவன் மேல தப்பு இல்ல. வண்டி அடிக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் குந்தியிருந்தேன். பழிய அவன் மேல போட்டேன்."

யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுப்புராயன் தலையைக் குனிந்துகொண்டு மரத்தைத் தூக்கப் போனான். சடையப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். அஞ்சம்மாள் அவனை ஒரு தரம் பார்த்துவிட்டு, மகளின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

காசிநாதன் கிட்டே வந்தான். அவ்வளவு கோபத்தைப் பூவராகன் அவன் முகத்தில் பார்த்ததில்லை.

"வேணான்னு சொன்னேன். ஒம் பாரத்த நீ எறக்கிட்ட. இனிமே இந்த ஊர்ல எங்க அக்கா தூக்கணும்."

அன்றைக்கு எஞ்சினைக் கிளப்ப அவனே ஹேண்டிலைச் சுற்றினான். யாரும் உதவிக்கு வரவில்லை.

குணசுந்தரி ஆடி கழிந்துதான் பிள்ளைகளோடு வீட்டுக்குத் திரும்பினாள். சண்டை போடவில்லை. கடைத்தெருவில் பெண்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை மாற்றுகிறார்கள் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். குடத்தை எடுத்துக்கொண்டு இருட்டுப் பிரிவதற்கு முன்பே குழாயடிக்குப் போய்வர ஆரம்பித்தாள். அதைப் பார்த்தபோதுதான் மச்சான் சொன்னது எவ்வளவு கனம் என்று பூவராகனுக்கு விளங்கிற்று.

காசிநாதனைச் சடையப்பன் துறைமுகத்து மீன் ஏலத்தில் சேர்த்துவிட்டார். அவனுக்கு நல்ல குரல். புரட்டாசியில் அவன் ஏலம் கூவிக்கொண்டிருந்தபோது, ஐஸ் பெட்டி ஏற்ற வந்த பூவராகன் கூட்டத்துக்குப் பின்னால் நின்றான். காசிநாதன் அவனைப் பார்த்தான். கூவுவதை நிறுத்தவில்லை. அந்தக் கூறு மீன் விலைபோனதும், அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். நன்றாக இருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்த பூவராகன், "வெளியில தலைகாட்ட மாட்டேங்கறா" என்றான்.

"ஞாயித்துக்கெழமை நான் வந்து பாக்கறேன்" என்றான் காசிநாதன். பிறகு அடுத்த கூறுக்குத் திரும்பிக்கொண்டான்.