நாலாவது வரிசை

பிஸ்கட் வாலை ஆட்டியபோது நான் முட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் நாய்க்குப் பெயர்தான் பிஸ்கட், உருவம் கன்றுக்குட்டி. அதன் வால் நாற்காலியின் மேலிருந்த பிளாஸ்டிக் பெட்டியைத் தட்டிவிட்டது. பெட்டி தலைகுப்புற விழுந்து, உள்ளே இருந்த ஐம்பது தோட்டாக்களும் சமையலறைத் தரையெங்கும் உருண்டன. அடுப்புக்கு அடியில் சில, குளிர்பெட்டிக்குப் பின்னால் சில. ஒன்றைப் பிஸ்கட் முகர்ந்து பார்த்துவிட்டு, தின்னக்கூடியதில்லை என்று முடிவுசெய்து விட்டுவிட்டது.

கையில் முட்டைப் பிசுக்கோடு குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கினேன். பொறுக்கி முடித்த பிறகுதான் விஷயம் உறைத்தது. என் கணவர் ஆர்லோ மூன்று சாயங்காலம் உட்கார்ந்து தன் கையாலேயே அடைத்த தோட்டாக்கள் அவை. ஐந்து வரிசை, வரிசைக்குப் பத்து. ஒவ்வொரு வரிசைக்கும் வெடிமருந்தின் அளவு தூசியளவு கூடும். எந்த அளவில் துப்பாக்கி ஒழுங்காகக் குறியடிக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காக அந்த ஏற்பாடு. மிக அதிகமான அளவுகூட, தோட்டா அடைப்பவர்களின் புத்தகம் சொன்ன எல்லைக்கு ரொம்பக் கீழேதான், அதனால் ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் ஐம்பதும் ஒரே அச்சு. எது எந்த வரிசை என்று கடவுளுக்குத்தான் தெரியும். குளியலறையில் ஆர்லோ பாடிக்கொண்டிருந்தார். நான் தோட்டாக்களைக் கைக்கு வந்தபடி குழிகளில் நிரப்பி மூடியைச் சாத்தினேன்.

சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டு அறை ஒன்றின் கதை தெரிந்தால் கேட்க மாட்டீர்கள். எங்கள் வீட்டில் உபரியாக ஒரே ஒரு அறை. மூன்று வருடமாக அதில் ஆர்லோவின் பெஞ்சும், தோட்டா அடைக்கும் கருவியும், மூச்சுவிட்டால் முள் ஆடுகிற தராசும் குடியிருக்கின்றன. போன இலையுதிர்காலத்தில் என் அக்கா லியோனா இறந்துபோனாள். அவளுடைய பியானோ எனக்கு வந்தது. வைக்க இடமில்லாமல் வைக்கோல் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. குளிர்காலம் முழுக்க எலிகள் அதற்குள் குடித்தனம் நடத்தின. ஒருநாள் போய் மூடியைத் திறந்து ஒரு கட்டையை அழுத்தினேன். சத்தத்துக்குப் பதிலாக ஒரு எலி வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அன்று ஆர்லோ வாக்குக் கொடுத்தார்: "சரியான அளவு கிடைக்கிற அன்னிக்கு பெஞ்சு கொட்டகைக்கு, பியானோ வீட்டுக்கு."

சரியான அளவு கிடைத்தபாடில்லை. குதிரைமசால் தீவன வயலில் வளை தோண்டுகிற தரை அணிலைச் சுட இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்டால், "முந்நூறு கஜத்துல அது தலை எலுமிச்சம்பழம் அளவுதான் மேவிஸ்" என்பார். எலுமிச்சம்பழத்தைத் தவறவிடுவதற்கு அவரிடம் எப்போதும் காரணம் இருக்கும். அதற்கென்றே ஒரு நோட்டு. காற்று திரும்பியது. மணல் பை சரிந்தது. பக்கத்தில் எவனோ தும்மினான். ஐந்து குண்டில் நாலு ஒட்டி விழுந்து ஐந்தாவது விலகினால், அந்த ஐந்தாவது சேர்த்தியே இல்லை. இப்படிச் சேர்த்தியில்லாத குண்டுகளை மட்டும் சேர்த்தால் ஒரு போரே நடத்தியிருக்கலாம்.

அன்று காலை நான் வாயைத் திறந்தால், ஐம்பதையும் பிரித்து, கொட்டி, மறுபடி அளந்து அடைப்பார். அதற்குள் அணில் வேட்டை தொடங்கிவிடும். பிறகு வைக்கோல் அறுப்பு, பிறகு பனி. அக்காவின் பியானோவுக்கு இன்னொரு குளிர்காலம். எனவே முட்டையைப் பொரித்துத் தட்டில் வைத்தேன்.

ஊருக்கு வெளியே, மொட்டைக் குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கிறது சுடுமிடம். நாங்கள் போனபோது ராஸ்கோ ஏற்கெனவே பக்கத்து மேசையில் இருந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைத் தோட்டாவைத் தவிர வேறெதையும் தொடாதவர்.

"என்ன ஆர்லோ, இன்னிக்கு எத்தனை கடுகு கூட்டிப் போட்ட?" என்றார்.

"நீ உன் கடைச்சரக்கைப் பாரு," என்றார் ஆர்லோ. பெட்டியைத் திறந்தார். கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குக் காது சுட்டது. பிறகு நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். வழக்கமாக நான் எழுதுவேன், அவர் சொல்லுவார். அன்று நோட்டை என்னிடம் தரவேயில்லை.

முதல் வரிசையிலிருந்து ஐந்து சுட்டார். நூறு கஜத்தில், தாளின் முதல் வட்டத்தில் கோழி கிளறியது மாதிரி துளைகள். நான் காரணத்துக்காகக் காத்திருந்தேன். அவரோ பையிலிருந்து உப்புக்கண்டத்தை எடுத்து மென்றார். இரண்டாவது வரிசைக்கும் அப்படியே. மூன்றாவதின் நடுவில் ராஸ்கோவின் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தார். மூன்று வருடத்தில், துப்பாக்கியில் கன்னம் வைத்திருக்கும்போது அவர் யாருடைய முழங்காலைப் பற்றியும் விசாரித்ததில்லை. உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டதோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

நாலாவது வரிசை. விசில் அடித்துக்கொண்டே தோட்டாவைத் திணித்தார். டப். டப். டப். குழல் ஆறட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை. ஐந்தும் முடிந்ததும் தொலைநோக்கியில் கண்ணை வைத்தவர் எடுக்கவேயில்லை. விசில் நின்றுவிட்டது.

"நீ பாரு," என்று நகர்ந்தார்.

பார்த்தேன். நாலாவது வட்டத்தில் ஒரே ஒரு துளை, ஓரம் கிழிந்து. பத்து சென்ட் காசை வைத்தால் மூடிவிடும்.

ராஸ்கோவும் வந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். "அட நாசமாப்போறவனே," என்றார் மரியாதையாக. "எந்த அளவுடா இது?"

"நாலாவது வரிசை," என்றார் ஆர்லோ. என் பக்கம் திரும்பினார். "கிடைச்சிருச்சு மேவிஸ். நாளைக்கே பெஞ்சை வெளிய எடுத்துடறேன்."

நாலாவது வரிசையில் இருந்தது நாலாவது வரிசை இல்லை, என் சமையலறைத் தரை. இந்த மனுஷன் இதை நம்பி வாழ்நாள் முழுக்க அதே அளவை அடைப்பார். தப்பினால் தன் கண்ணையும் கையையும் நொந்துகொள்வார். மூன்று வருடத் தேடலை நான் ஒரு பியானோவுக்காக விற்றுவிட்டேன். வெட்கமாக இருந்தது. அவர் ராஸ்கோவோடு தாளை எடுத்துவர நடந்து போனதும், நோட்டிலாவது உண்மையை எழுதிவைக்கலாம் என்று எடுத்தேன்.

அன்றைய பக்கத்தில் அவருடைய நுணுக்கி எழுதிய கையெழுத்து. "லேசான வடமேற்குக் காற்று. பெட்டியில் நாய் மயிர். மூன்றாவது வரிசையில் ஒரு துண்டு முட்டை ஓடு. எல்லாம் கலந்துவிட்டது. இன்று எதுவும் சேர்த்தியில்லை."

அதற்குக் கீழே ஒன்றுமில்லை. முதல் குண்டுக்கு முன்பே எழுதியது அது. சேர்த்தியில்லை என்று தெரிந்த பிறகுதான் என் புருஷனுக்குச் சுட வந்திருக்கிறது. தெரிந்தேதான் கிடைத்துவிட்டது என்றும் சொல்லியிருக்கிறார். அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு வந்த பிரியத்துக்கு அளவே இல்லை. கூடவே கன்னத்தில் ஒரு அறை விடலாம் போலவும் இருந்தது. காலையிலிருந்து என்னை எப்படி வேகவைத்துவிட்டார்!

அவர் திரும்பி வந்தபோது நோட்டு என் மடியில் திறந்தே கிடந்தது. பார்த்தார்.

"காலைல பிஸ்கட்..." என்று ஆரம்பித்தேன்.

"பிஸ்கட் நல்ல நாய்," என்றார்.

"அப்ப நீ தேடறதை விட்டுடுவியா?"

"கிடைச்சதை எதுக்குத் தேடணும்?" துப்பாக்கியை உறையில் போட்டு மெதுவாக ஜிப்பை இழுத்தார். பாதியில் நிறுத்தி, மீதி இருந்த தோட்டாக்களை ஒரு முறை பார்த்தார். பிறகு முழுக்க இழுத்து மூடினார். "அந்தப் பியானோவைத் தூக்க எத்தனை பேர் வேணும்?"

"நாலு பேராவது."

"ராஸ்கோவைக் கேக்கறேன்."

போனார். நான் வண்டியில் ஏறி உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தூரத்தில் ஆர்லோ இரண்டு கைகளையும் முடிந்தமட்டும் அகல விரித்து, பியானோ இவ்வளவு பெரிசு என்று காட்டிக்கொண்டிருந்தார். எதிரே ராஸ்கோ குறித்தாளை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, அந்த ஒற்றைத் துளை வழியாக ஒரு கண்ணை இடுக்கி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.